ஒற்றைச் சமம்

கட்டபெட்டு வளைவுக்குக் கீழே
எங்கள் தொழிற்சாலையில்
ஒன்பது நாள்
வந்த இலையெல்லாம் முதல் தரம்.

முற்றல், தண்டு, மழையில் ஊறிய கோணி,
ஒருமுறை கொழுந்தோடு கொழுந்தாக வந்த
கருக்கரிவாள்கூட
கிலோ இருபத்தொரு ரூபாய்க்கு எடை ஏறியது.

செய்தவள் நான்.
இரண்டு சமக்குறி போட வேண்டிய வரியில்
ஒன்றுதான் விழுந்தது.
விரல் மரத்துப்போகும் ஜனவரி.
அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன்.

ஒற்றைச் சமம் கேட்காது.
வலப்பக்கம் இருப்பதை எடுத்து
இடப்பக்கம் வைத்துவிட்டுப் போகும்,
பூட்டிய வீட்டு வாசலில்
பால் பாக்கெட் வைப்பதுபோல.
இரட்டைச் சமம்தான் கேட்கும்.
கேட்டு, ஆம் அல்லது இல்லை வாங்கிக்கொண்டு
எதையும் தொடாமல் திரும்பும்.
நம் பேச்சில் இதற்கு ஓர் 'ஆ' போதும்:
தரம் ஒன்று.
தரம் ஒன்றா?
அந்த ஆவைத்தான் நான் விட்டிருந்தேன்.

கூடுதலாகப் போனது மூன்று லட்சத்துச் சொச்சம்.
"அடுத்த பட்டுவாடாவில் பிடிச்சிடு,
கழித்தல் தெரியும்தானே?"
என்றார் மேனேஜர் ஹாலன்.

தெரியும்.
அன்றிரவு வாட்டுத் தொட்டிகளின் விசிறி
தரைவழியாக நாற்காலிக்கு ஏற
கழிக்க ஓர் இடம் தேடிப் போனபோதுதான்
எட்வினின் வரியைப் பார்த்தேன்.
ஆறு வருஷத்துக்கு முன் எழுதியது.
அவன் இப்போது ஓசூரில்.

தராசு கிராமில் சொல்லும்.
ஆயிரத்தால் வகுத்தால் கிலோ.
ஆனால் முழு எண்ணை முழு எண் வகுத்தால்
முழு எண்ணைத்தான் தரும் அந்த மொழி.
இருபத்து மூவாயிரத்து எண்ணூற்றைம்பதுக்கு
இருபத்து மூன்று.
பிழைச் செய்தி வராது. சிவப்பு எரியாது.
எண்ணூற்றைம்பது கிராம்
உலர்ந்து, உருண்டு, சலித்து,
ஏலத்துக்கே போய்விட்டது,
கணக்கில் மட்டும் ஏறாமல்.

வகுத்தல் குறியை எடுத்துவிட்டு
அதே இடத்தில் மீதிக் குறியைப் போட்டேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆறு வருஷ ரசீது.
விடிகிறவரை ஓடியது.
இடையில் இரண்டு தடவை கரண்ட் போனது.

காகிதத்தை வாங்கிய ஹாலன்
இரண்டு வட்டமும் சாய்கோடும் பார்த்து
"எத்தனை பர்சென்ட்?" என்றார்.
பர்சென்ட் இல்லை சார், மீதி.
இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோ.

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.
"யாருக்கெல்லாம் தெரியும்?"
உங்களுக்கும் எனக்கும்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன்,
அந்த 'உம்' இரண்டு பக்கமும் நின்றால்தான் நிற்கும்.
ஒரு பக்கம் பொய்யானால்
மொத்தமும் பொய்.
'அல்லது' அப்படியில்லை,
ஒருத்தர் நின்றாலே போதும் அதற்கு.

காகிதம் போர்டுக்குப் போயிருக்கிறது.
பிடித்தம் நின்றது.
மீதி வரவில்லை.

வியாழக்கிழமை, எடை ஜன்னலில் யோகமலர்.
பிக்கப் வருமுன்னே
தலையில் சுமந்து வந்துவிடுகிறவள்.
புது ரசீதைப் பார்த்துவிட்டு
"அப்ப அந்த ஒன்பது நாளும்
என் இலை நல்ல இலை இல்லையா?"

அது கேட்கல அக்கா.
கேக்காமலே ஒண்ணுன்னு வச்சிருச்சு.

"யாரும் பாக்கவே இல்லையா?"

இல்ல.

ஒன்றும் பேசாமல் கோணியை ஏற்றினாள்.
பனியில் தட்டு நனைந்திருந்தது.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி
பத்தொன்பதாயிரத்து நானூறில் நின்றன.

"நானூறையும் எழுது."